மாதத் திரைக்கு எதிரே ஒரு கட்டில்

காங்கேயத்தில், தாராபுரம் ரோட்டு உரக்கடைக்கு மேல்மாடியில் நாச்சிமுத்து நடத்திவந்த ஷேர் அறையில், காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து ஒரு நிமிட சார்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்த டெய்லர் மாசிலாமணிக்கு, சந்தை மூடும்போது தாடி நெஞ்சைத் தொட்டது. மாசிலாமணி அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவர் வாங்கியிருந்த பங்கு இறங்கிக்கொண்டிருந்தது; கவனித்த மற்றவர்களும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களுடையதும் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோதுதான் அது போதாது என்று அவருக்குத் தெரிந்தது. கீழே போய் சலூனில் உட்கார்ந்தார், சலூன்காரர் காலையில் செய்ததற்கும் சேர்த்துக் கூலி கேட்டார், கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விலை ஏறினால் பச்சையாகவும் இறங்கினால் சிவப்பாகவும் திரையில் வந்து நிற்கும் குட்டைக் கம்பத்துக்குக் கேண்டில் என்று பெயர். ஒரு கேண்டிலுக்குள் எவ்வளவு நேரத்தை அடைப்பது என்பது பார்க்கிறவர் விருப்பம்; அந்த அளவுக்கு டைம்ஃப்ரேம் என்று பெயர். ஒரு நிமிடத்தை அடைக்கலாம், ஐந்து நிமிடத்தை அடைக்கலாம், கால் மணி, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு முழு மாதத்தையும் அடைத்துவிடலாம். அதே பங்கு, அதே விலை. ஆனால் ஒரு நிமிடத்தில் பார்த்தால் பேய் பிடித்து ஆடும், மாதத்தில் பார்த்தால் கோயில் மாடு மாதிரி ஆடி அசைந்து நடக்கும். யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் பாதிப் பேருடைய பிழைப்பும் மீதிப் பேருடைய நாசமும் இருந்தது.

நாச்சிமுத்து அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். புதிதாக யாராவது படியேறி வந்து அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு விற்கும் வியாபாரம் பழக வேண்டும் என்றால், முதலில் டீ சொல்லுவார். டீயை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்பவனை ஒரு நிமிடத் திரைப் பக்கமே விடமாட்டார், கால் மணித் திரைக்கு அனுப்புவார். ஆறவிட்டு ஆடை படிந்தபின் குடிப்பவனுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார். திசையைப் பெரிய திரையில் பார், கையைச் சின்னத் திரையில் வை என்பார். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பெயின்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, மாதத் திரைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்: உள்ளே வந்த டைம்ஃப்ரேமிலேயே வெளியே போ.

அப்படி எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் அந்த அறையில் இருந்த எல்லாருக்குமே இருந்த ஒரு வியாதி. ஐந்து நிமிட சார்ட்டைப் பார்த்து வாங்குவார்கள், இறங்கும்; உடனே விற்றுவிட்டு எழுந்து போகாமல் ஒரு மணிக்கு மாற்றிப் பார்ப்பார்கள், அதிலும் சிவப்பு; நாளுக்கு மாற்றுவார்கள், வாரத்துக்கு மாற்றுவார்கள், கடைசியில் மாதத்தில் எங்கோ ஒரு பச்சை தெரிந்ததும், இங்கே பாத்தா ஒண்ணுமே ஆகலீங்க என்று மூச்சு விடுவார்கள். காலையில் சூதாடியாக வந்தவர்கள் மாலையில் முதலீட்டாளர்களாகப் படியிறங்குவார்கள். தோட்டம் தீப்பிடிச்சா மச்சுல ஏறி நின்னு பாக்காதீங்கடா, அங்கிருந்து சின்னதாத்தான் தெரியும் என்று நாச்சிமுத்து கத்துவார். கேட்டவர்கள் குறைவு.

தாடி விஷயத்துக்கு வருவோம். அந்த வாரத்திலேயே எங்களுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. திரைக்கு ஒரு ஆள் நீளத்துக்குள் இருக்கிற எதற்கும் ஒரு கேண்டில் ஒரு நாள், அவ்வளவுதான். ஒரு நிமிடத் திரையில் நிமிடத்துக்கு ஒரு நாள் போனது, சந்தை திறந்து மூடுவதற்குள் வருடம் ஓடியது. வாரத் திரையில் ஒரு வாரம் ஆனால்தான் ஒரு நாள் கழிந்தது. மாதத் திரையில் ஒரு மாதத்துக்கு ஒரு நாள். பசி மட்டும் ஓரவஞ்சனை செய்தது: வேகமாகப் போனவர்களுக்கு அது பழைய வேளைக்கே வந்தது, மெதுவாகப் போனவர்களுக்கு மெதுவாகவே வந்தது. சோற்று விஷயத்தில் எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. நாள் திரைக்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை, அதனாலேயே அங்கே யாரும் உட்காரவும் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பதை விட இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பதுதான் நமக்குப் பழக்கம். வியாபாரிகள் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி, மவுஸுக்கு நீள ஒயர் இழுத்து, தூரத்திலிருந்தே பார்த்து விற்று வாங்கப் பழகினார்கள், கண்ணாடிக் கடைக்காரர் கொழித்தார். ஒரு நிமிடத் திரைக்கு முன்னால் காலியான நாற்காலியில் பெண்கள் இட்லி மாவுக் குண்டாக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், மாவு பொங்கியதும் எடுத்துக்கொண்டு போனார்கள், வரிசை படியில் நின்றது. எண்ணெய் மில் பொங்கியண்ணன் தேங்காய்ப் பருப்பை மூட்டை மூட்டையாக ஏற்றிக் காயவைத்தார். வெயிலே இல்லாமல் எப்படிக் காயும் என்றவர்களுக்கு உடைத்துக் காட்டினார். பழனியில் மொட்டை போட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்த மாப்பிள்ளைகள் வந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிவந்து கட்டிவைத்து, மறுநாளே திமிலும் கொம்புமாகக் காளை ஆக்கிவிட்டார். படியேறி வந்த கன்று காளையானபின் படியிறங்க மறுத்தது. அரிசி மில்லிலிருந்து கிரேன் வந்து இறக்கியதை ஊரே நின்று பார்த்தது, அன்றைக்குச் சந்தை ஏறியதா இறங்கியதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சிக்கல்களும் வந்தன, அவற்றுக்கும் வழி கண்டோம். மாசிலாமணி கணக்குத் தெரிவதற்கு முன் உட்கார்ந்த நாட்களிலேயே தன் சொந்த அண்ணனையே வயதில் தாண்டிவிட்டார். யார் யாரை அண்ணன் என்று கூப்பிடுவது, பொங்கல் சீரை யார் முதலில் கொடுப்பது என்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். உடம்புதான் சாட்சி, பிறந்த வருடம் வெறும் பேச்சு என்று முடிவானது. மறுநாளிலிருந்து அண்ணன்காரர் மாசிலாமணியை வாங்கண்ணா என்று கூப்பிட்டார். முதல் சில நாள் வாய் கோணியது, பிறகு சரியாகிவிட்டது. மெதுவான திரைகளுக்கு வேறு கூட்டம் வந்தது. மல்லிகைப்பூ வியாபாரிகள் வந்தார்கள், முகூர்த்தத்துக்காகப் பறித்த பூ முகூர்த்தம் தள்ளிப்போனாலும் வாடாமல் கிடந்தது. கோர்ட்டில் வாய்தா வாங்கியவர்கள் சிலர் வாரத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று வேளை சாப்பிட்டு எழுந்து, நேராக அடுத்த வாய்தாவுக்குப் போனார்கள்.

இந்த அளவில்தான் நாச்சிமுத்துவின் மனைவி சம்பூரணத்துக்கு வயிற்றில் வலி வந்தது.

சம்பூரணம் ஷேர் அறைக்கு அதிகம் வந்தவரில்லை. அவருக்கு எண்ணெய்க் கடை ஒன்று இருந்தது, கல்லாவில் உட்கார்ந்து கைவிரலாலேயே கூட்டிக் கழிப்பவர், கணவர் பச்சை சிவப்பு என்று பேசினால் புடவை எடுக்கப் போன மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்பவர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் இருக்கிறது, பரவிவிட்டது, இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று என்றார்கள். அது ஆவணி. ஒரே மகள் தாரணி ஓசூரில் இருந்தாள், முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம், மார்கழியில் நாள். அம்மா பார்க்க மாட்டாள் என்று விரல் மடக்கி எண்ணத் தெரிந்த யாருக்கும் தெரிந்தது.

ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாச்சிமுத்து வாய் திறக்கும் முன்பே பூ வியாபாரிகள் மாதத் திரைக்கு முன்னாலிருந்த கூடைகளை எடுத்துவிட்டார்கள். பொங்கியண்ணன் கட்டில் அனுப்பினார். கரண்ட் போனால் திரை அணைந்துவிடுமே என்று யாரோ இன்வெர்ட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பூரணம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வயிற்றுப் பிள்ளையோடு மகள் வந்து எதிரே உட்கார்ந்து அழுததும், "கொழந்தைய ஒருக்கா கையில வாங்கிப் பாத்துட்டு எறங்கிக்கறேன்" என்றார். நாச்சிமுத்து சரி என்றார். அவர் தொழிலில் இதற்கு இலக்கு என்று பெயர், இலக்கு வந்ததும் வெளியேறிவிட வேண்டும்.

அப்படியாகச் சம்பூரணம் மாதத் திரைக்கு எதிரே கட்டிலில் படுத்தார். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அவர் அசைவது தெரியாது. சித்த நேரம் நின்று பார்த்தால் கண் இமை ஒன்று கீழே வந்துகொண்டிருப்பது தெரியும். தண்ணீர் கேட்டு அவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் டீ ஆறிவிடும். பேச்சு எங்கள் காதுக்கு எட்டாத அடிக்குரலாகிவிட்டது, எங்கள் பேச்சு அவருக்குக் குருவிக் கூச்சலாகக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் போனால் போனவருக்கும் அதே கதி என்பதால், பேக்கரியில் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற நீள மரத்துடுப்பை வாங்கி வந்து, கஞ்சியையும் வலி மாத்திரையையும் அதில் வைத்துத் தள்ளினார்கள். படியேறி வருகிறவர்கள் கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடத் திரைக்குப் போனார்கள். அம்மன் கோயிலைத் தாண்டிப் போகும்போது கை தானாகத் தூக்குமே, அப்படித்தான்.

நாச்சிமுத்து ஆரம்பத்தில் அடிக்கடி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்தால் வெளியே ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும், சந்தை மூடியிருக்கும், பூட்டாத அறைக்கு அவரைக் காவல் வைத்துவிட்டு எல்லாரும் போயிருப்பார்கள். கடையைப் பார்க்க வேண்டும், அறையைப் பார்க்க வேண்டும், ஓசூருக்கும் போய்வர வேண்டும். அவர் ஒரு கணக்குப் போட்டார். மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும், அவளுக்கு அது தினமும் வந்துபோன மாதிரிதானே என்றார். கணக்கு சரிதான், எங்களாலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்கழித் திருவாதிரையில் தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். சம்பூரணத்துக்கு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது நாள் கழிந்ததும் குழந்தையைக் கொண்டுவந்தார்கள், உரக்கடை வாசல்வரை கூட்டம். நாச்சிமுத்து குழந்தையை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அருகே போனார். குழந்தை அப்போதுதான் அழ வாயெடுத்திருந்தது. உள்ளே போனதும் வெளியே நின்ற தாரணிக்குத் தெரிந்ததெல்லாம் திறந்த வாய், வராத சத்தம், நீலம் பாய்ந்த மாதிரி அசையாத முகம். மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டாள். குழந்தை வெளியே வந்ததும் வீறிட்டது, நல்ல குழந்தைதான். ஆனால் சம்பூரணத்தின் கைகள் அப்போதுதான் மேலே வர ஆரம்பித்திருந்தன. குழந்தை போய்விட்டது என்று தெரிந்து அவை திரும்பக் கீழே இறங்குவதை நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம், அதற்கு வெகுநேரம் ஆனது.

அதன்பிறகு தாரணி குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்றாள். அவள் மாமியார் ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்து, அங்கே கொண்டுபோனால் பிறந்த நேரம் ஒன்றாகவும் உடம்பு ஒன்றாகவும் போய்விடும், நாளைக்குப் பொருத்தம் பார்ப்பது எந்தக் கணக்குக்கு என்று கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. வாசலில் நிறுத்திக் காட்டினார்கள். சம்பூரணத்தின் கண்ணுக்குக் குழந்தை, ஓடுகிற மின்விசிறியில் றெக்கை தெரிகிற அளவுக்குத்தான் தெரிந்திருக்கும்.

நாச்சிமுத்து மாதம் ஒரு முறை உள்ளே போனார். பாத்துட்டனுங்க, எறக்கி விடுங்க என்று சம்பூரணம் சொன்னதாக அவரே வந்து எங்களிடம் சொன்னார். எங்கே பார்த்தாய், சரியாகப் பார்க்கவே இல்லையே, காது குத்து முடியட்டும் என்றாராம். காது குத்து முடிந்தது. நடக்கட்டும் என்றார், நடந்தது. பேச்சு வரட்டும் என்றார். பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் இதையெல்லாம் சொன்னார். அறையில் இருந்த அத்தனை பேரும் இந்த வியாதியில் நீச்சலடித்தவர்கள், ஐந்து நிமிடத்தில் தோற்றதை மாதத்தில் ஒளித்துவைத்து அனுபவப்பட்டவர்கள்; ஆனாலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்தவர் வீட்டு நட்டத்தில் நாம் எப்படித் தலையிடுவது என்று சொல்லிக்கொண்டோம். உண்மை என்னவென்றால் எங்களுக்கும் அவர் அங்கே இருப்பது பழகிவிட்டது. கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போட்ட வியாபாரம் நன்றாகப் போனதாகச் சிலர் சொல்லவும் ஆரம்பித்திருந்தார்கள், யாரோ ஒருவர் கால்மாட்டில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆதிரைக்கு இரண்டு வயது முடிந்த மாசி மாதத்தில் ஒரு நாள் நாச்சிமுத்து உள்ளே போனார். வழக்கமாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறவர், அன்று காலையில் போனவர் மறுநாள் பொழுது ஏறும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் பிறகு தாரணியிடம் சொன்னார், தாரணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

குழந்தைக்கு என்ன வயது ஆகிறது என்று சம்பூரணம் கேட்டிருக்கிறார். ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குது, அப்புச்சின்னு கூப்படறா என்று இவர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். உங்க தலை ஏனுங்க இப்படி வெளுத்துப்போச்சு என்று கேட்டிருக்கிறார். இவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்திருக்கிறார். பிறகு சம்பூரணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

"எனக்கு ஒரு மாசம்ங்க. அந்த ஒரு மாசமும் வலியோட தனியாக் கெடந்தேன். தெனமும் வாறீங்க, பேசறீங்க, வெடுக்குனு போயிர்றீங்க. மத்த நேரமெல்லாம் எம்முன்னால எல்லாம் ஈசல் மாதிரிப் பறக்குது, ஒரு மூஞ்சி நிக்க மாட்டேங்குது."

நாச்சிமுத்து பதறிப்போய், இரண்டு மாதம் என்று சொன்னவர்கள் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி உன்னை இரண்டரை வருடம் வைத்திருக்கிறேனே என்றிருக்கிறார்.

"உங்களுக்குத்தானுங்க ரெண்டரை வருசம். எனக்கு ஒரு நாள் கூடக் கூடலை. இருந்ததே கொஞ்ச நாளு, அதையும் நீட்டி நீட்டி நீங்க எடுத்துக்கிட்டீங்க."

பிறகு சம்பூரணம் எதிர்ச் சுவரைக் காட்டினார். படுத்த நாளிலிருந்து அசையாமல் நின்றது அந்தப் பலகை ஒன்றுதான், அதனால் அதையேதான் படித்துக்கொண்டிருந்தாராம்.

"ஊருக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே. நான் நாள் கணக்குல வந்தவ. நாள் கணக்குலயே போறேன், விடுங்க."

மாதத் திரை அந்த நாளில் அணைக்கப்பட்டது. அணைத்தவர் நாச்சிமுத்துதான், வேறு யாரும் தொடவில்லை. கட்டிலோடு தூக்கிப் படியிறக்கியபோது, கன்றுக்குட்டிக்காரர் முதல் அண்ணனைத் தாண்டிய மாசிலாமணிவரை எல்லாரும் ஒரு கை பிடித்தோம். கீழே வெயிலில் நிறுத்தியதும் சம்பூரணம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாசிலாமணியண்ணா, ஏன் இப்படி ஆயிட்டீங்க என்றார். மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதார். அந்தத் தாடிக்காக அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் இருந்தது சில வாரங்கள். நாச்சிமுத்து ஷேர் அறைப் பக்கம் போகவில்லை, சாவி மாசிலாமணியிடம் இருந்தது. தாரணி ஓசூரிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டாள், மாமியார் கூடவே வந்து சமையலைப் பார்த்துக்கொண்டார். ஆதிரை முதலில் பயந்தாள். அம்முச்சி என்று படத்தில் காட்டியிருந்த பாட்டி அசைந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை, கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். ஒரு நாள் கட்டில்வரை வந்தாள், ஒரு நாள் கட்டில் காலைப் பிடித்தாள், ஒரு நாள் தன் கிண்ணத்திலிருந்த பொரியை ஒன்றொன்றாக எடுத்து அம்முச்சியின் வாயில் வைத்தாள். சம்பூரணத்தால் விழுங்க முடியாத காலம் அது, நாக்கில் வைத்து ஊறவைத்துக்கொண்டு கண்ணால் இன்னொன்று கேட்டார். ஒரு மத்தியானம் குழந்தை தானாகவே மேலே ஏறி, அவர் கையைத் தூக்கித் தன்மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. கை மரத்துப்போயிற்று, வலித்தது, எடுக்க விடவில்லை. நாச்சிமுத்து கீழே பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு எதையும் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பங்குனி பிறந்து சில நாளில், சந்தை நடந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில் சம்பூரணம் போய்விட்டார். கூட எல்லாரும் இருந்தார்கள். செய்தி வந்ததும் மாசிலாமணி அறையிலிருந்த அத்தனை திரைகளையும் நாள் கணக்குக்கு மாற்றிவைத்துவிட்டு வந்தார், அன்றைக்குக் காங்கேயத்தில் எல்லாருக்கும் ஒரே அளவில் பொழுது போனது.

காரியமெல்லாம் முடிந்தபின் நாச்சிமுத்து அறைக்கு வந்தார். மாதத் திரையைப் போட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தார். ஒரு நிமிடத் திரைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் யாரோ வைத்திருந்த மாவுக் குண்டாவை எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, திரையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்து, சார்ட்டைப் பின்னோக்கி நகர்த்த ஆரம்பித்தார். அங்கே உட்கார வேண்டாம் என்று பொங்கியண்ணன் சொன்னார், மாசிலாமணி சொன்னார், கையைப் பிடித்தும் இழுத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, அவருடைய தாடி வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் தாரணிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

தாரணி மாடியேறி வந்து, அப்பா எழுந்திரிங்க, உங்களுக்கு எத்தனை நாள் போகுதுன்னு தெரியுதா என்றாள்.

"மாசத்துல பாத்தேன் அம்மிணி. எல்லாஞ் சேத்து ஒரே ஒரு கேண்டிலு. அதுல உங்கம்மாளைக் காணோம்" என்றார் நாச்சிமுத்து. பிறகு திரையில் ஒரு சின்னக் கேண்டிலின்மேல் விரலை வைத்தார். பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை என்று சொல்லும்படி, வியாபாரிகள் யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி ஒன்று. "இங்க இருக்கறா. இதுதான் ஆதிரை பொரி குடுத்த நிமிசம். செவுத்துக் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், எனக்குத் தெரியும். இது அடுத்த நிமிசம், இன்னொண்ணு கேட்டா."

தாரணி விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்தக் கை எடுக்க விடாத மத்தியானம் எதுங்கப்பா என்று கேட்டாள். அவர் தேட ஆரம்பித்தார். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில், திரையை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தை மூடி நாங்கள் படியிறங்கும்போதும் இருவரும் அங்கேதான் இருந்தார்கள், அவள் கைவிரல்களில் நகம் நீளமாக வளர்ந்திருந்தது.